நியூமன் சொன்னது வேறு

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள். நாளுக்கு நால்வர் வீதம், முறைவைத்து, ஒவ்வொருவரும் ஒரு நாள் விடுப்பு எடுக்கிறார்கள். பத்து நாள் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். ‘ஒவ்வொரு நாளும் பெரும்பாலான மாணவர் வந்தனர்’ என்பது உண்மை. ‘பெரும்பாலான மாணவர் ஒவ்வொரு நாளும் வந்தனர்’ என்பதோ பொய். பத்து நாளும் வந்தவர் ஒருவர்கூட இல்லை. சொற்கள் அவையே, இடம்தான் மாறிற்று. இத்தகைய இடமாற்றத்தால் ஓர் அரிய ஆய்வுக் கட்டுரை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கெட்ட பெயரைச் சுமந்தது.

அதை 1929இல் ஜெர்மன் மொழியில் எழுதியவர் ஜான் வான் நியூமன். அப்போது அவருக்கு வயது 25. அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது: வாயுவைப் பாத்திரத்தில் அடைத்து, வெளியுலகத் தொடர்பே இல்லாமல் விட்டுவிட்டால் அது சமநிலை அடையும் என்கிறோம். ஆனால் குவாண்டம் இயக்கவியலில், தனித்த அமைப்பில் எந்த ஆற்றல் நிலை எந்த அளவில் கலந்திருக்கிறதோ அந்த அளவு என்றுமே மாறாது. கட்டங்கள் மட்டுமே சுழலும். தத்தம் வேகத்தில் ஓடும் எண்ணற்ற கடிகாரங்களை எண்ணிக்கொள்ளுங்கள்; முட்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், எதுவும் ஓய்ந்து நிற்காது. பின் சமநிலை எங்கிருந்து வருகிறது?

நாம் அணு அணுவாகப் பார்ப்பதில்லை, அழுத்தம், அடர்த்தி போன்றவற்றைத் தோராயமாகவே அளக்கிறோம் என்பதிலிருந்து அவர் தொடங்கினார். ஆற்றல் மட்டங்களும் அவற்றின் இடைவெளிகளும் ஒன்றுபோல் அமையாதிருந்தால், இத்தகைய அளவீட்டு முறைகளில் பெரும்பாலானவற்றுக்கு, எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும், பெரும்பாலான நேரம் சமநிலையே தென்படும் என்று நிறுவினார்.

1957இல் ஃபார்கர், லாண்ட்ஸ்பெர்க் இருவரும், 1958இல் பொக்கியேரி, லாயிஞ்சர் இருவரும் இதைக் கடுமையாகத் தாக்கினர். அவர்கள் தாக்கிய கூற்றைப் பாருங்கள்: ‘எந்த நிலைக்கும், எந்த நேரத்திலும், பெரும்பாலான அளவீட்டு முறைகள் சமநிலையைக் காட்டும்.’ இது உண்மைதான். ஆனால் அமைப்பு அசையாமல் கிடந்தாலும் உண்மை! ஆகவே காலப்போக்கில் நடப்பதைப் பற்றி இது ஒன்றும் சொல்லவில்லை என்றார்கள். சரியான தீர்ப்பு, குற்றவாளிதான் வேறு ஆள். நியூமன் முதலில் அளவீட்டு முறையை நிறுத்திவிட்டு, அதன்பின் காலத்தை ஓடவிட்டார். 2010இல் கோல்ட்ஸ்டைன், லெபோவிட்ஸ், துமுல்கா, ஸாங்கி ஆகியோர் இந்தக் குழப்பத்தை வெளிக்காட்டினர். துமுல்காவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. கணிதம் கடினமாயிருந்தால் முன்னுரையையாவது படியுங்கள்.

ஆனால் நியூமனிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ‘பெரும்பாலானவை’ என்பதில் உங்கள் கையிலுள்ள அமைப்பும் அடங்கும் என்று எப்படி அறிவது? 2006இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கினோஷிதா, வெங்கர், வைஸ் ஆகிய மூவரும் ருபீடியம் அணுக்களை லேசர் ஒளியால் மிகக் குறுகிய குழல்களில் அடைத்து ஒன்றோடொன்று மோதவிட்டனர். ஆயிரக்கணக்கான மோதல்களுக்குப் பின்னும் சமநிலை தெரியவில்லை. ஒரே கோட்டில் ஓடும் சம எடைக் கோலிக்குண்டுகள் மோதினால் வேகங்களை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளும், அவ்வளவே; வேகங்களின் பட்டியல் அப்படியே இருக்கும். இங்கும் ஏறத்தாழ அதுவே நடந்தது. இதனால் நியூமனின் தேற்றம் பொய்யாகிவிடவில்லை. ஆயினும் எந்த அமைப்பு விலகி நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அதில் வழி இல்லை. சமநிலை வர ஒரு நொடி ஆகுமா, பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்ட காலம் ஆகுமா என்பதற்கும் அந்தக் கட்டுரையில் விடை கிடையாது.