அடுப்பில் ஏறாத சரக்கு

போன வருஷம் எங்கள் பி.காம். செட் ஒன்றுகூடியது. ஈ.சி.ஆரில் ஒரு ரிசார்ட். வழுக்கை, தொப்பை, வெள்ளெழுத்துக் கண்ணாடி என்று ஆளுக்கொரு முன்னேற்றம். ஒருத்தன் மட்டும் காலேஜில் பார்த்த மாதிரியே ஒல்லியாக வந்து நின்றான். கையில் எவர்சில்வர் டப்பா. உள்ளே முளைகட்டிய பயறு, தேங்காய்ச் சில்லு, வெள்ளரிக்காய், ரெண்டு வாழைப்பழம். எட்டு மாசமாக அடுப்பில் ஏறிய எதையும் தொடுவதில்லையாம். சர்க்கரை பாதியாகக் குறைந்துவிட்டதாம். பேர் வேண்டாம், நண்பன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணி வந்தது. வேண்டாம் என்றான். தயிர்சாதம்? வேண்டாம். காபி? ம்ஹூம். சரி, சாமியாராகிவிட்டான் என்று நாங்கள் கைகழுவிய நேரத்தில் பேரரைக் கூப்பிட்டு, "ரெட் வைன் இருக்கா?" என்றான்.

"டேய், என்னடா இது?"

"வைனை யாரும் வேக வைக்கிறதில்ல மச்சான். திராட்சை தானா புளிக்குது. சுத்தமான பச்சை உணவு!"

டேபிளே சிரித்தது. நானும்தான். அன்றைக்கு ராத்திரி நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த வாதத்தைப் பார்த்துவிடலாம். ஏனென்றால் இது அவன் கண்டுபிடித்ததல்ல. 'ரா ஃபுட்' கோஷ்டிகளில் வெகுநாளாக இருக்கிற வாதம். உங்கள் அபார்ட்மென்ட்டிலும் ஒருத்தர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

சமைக்காத உணவுக்காரர்களுக்கு ஒரு லட்சுமணன் கோடு உண்டு. சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பார் ஒருவர், 48 வரை பரவாயில்லை என்பார் இன்னொருவர். தாண்டினால் உணவு செத்துவிடுகிறது என்பது சித்தாந்தம். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டு பாருக்குள் நுழைந்தால் தமாஷாக இருக்கும். பீர் அவுட். பார்லியை முளைகட்டிச் சூட்டில் உலர்த்துகிறார்கள், அப்புறம் அந்தச் சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். விஸ்கி, பிராந்தி, ரம் எல்லாம் ஆவியாக்கி வடித்தவை. அதிலும் நம்மூர் விஸ்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு. அது ஏற்கெனவே கொதித்த சரக்கு. ஆக, பாஸ் மார்க் வாங்குவது வைன் மட்டும்தான். அதிலும் ஒரு சிக்கல். வைனைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை என்று பலதும் போடுவது உண்டு. நண்பன் தயிரையே தள்ளி வைத்தவன். அவனுக்கு இது தெரியாது. நானும் அன்றைக்குச் சொல்லவில்லை.

சரி, எதற்காக இந்தச் சூட்டுக் கணக்கு? பச்சை உணவில் என்ஸைம்கள் உயிரோடு இருக்கின்றன, அவை நம் ஜீரணத்துக்கு உதவுகின்றன என்பார்கள். 1985-ல் எட்வர்ட் ஹோவல் எழுதிய 'என்ஸைம் நியூட்ரிஷன்' இந்தக் கட்சியின் வேதப் புத்தகங்களில் ஒன்று. என்ஸைம் என்பது புரதம். வயிற்றில் போனால் அமிலம் அதைப் பெரும்பாலும் பருப்பு மாதிரி உடைத்துப் போட்டுவிடும். ஜீரணத்துக்கு வேண்டியதை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. சரி, அந்த நம்பிக்கையை அப்படியே ஒப்புக்கொண்டாலும் வைனுக்கு அங்கே என்ன வேலை? திராட்சைச் சாற்றில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை வெளியே தள்ளுகிறது. ஒன்று சர்க்கரை தீர்ந்து அடங்குகிறது, இல்லையென்றால் தான் உண்டாக்கிய ஆல்கஹாலையே தாங்காமல் சாகிறது. உயிருள்ள உணவைத் தேடிப் போனவர், உயிர் போன இடத்தில் கிளாஸை நீட்டுகிறார்!

குரங்கை சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. மலேசியக் காட்டில் ஒரு மர மூஞ்சூறு, தானாகப் புளித்த பனைப் பூந்தேனை ராத்திரி ராத்திரி குடிப்பதை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதில் ஆல்கஹால் 3.8 சதவிகிதம் வரை இருந்திருக்கிறது. நம் மூதாதைக் குரங்குகளுக்கும் சுமார் ஒரு கோடி வருஷத்துக்கு முன்பே ஆல்கஹாலைச் சமாளிக்கும் திறன் கூடியதாக மரபணு ஆய்வு சொல்கிறது. நிஜம்தான். ஆனால் மூஞ்சூறு யாருடைய வற்புறுத்தலுக்காகவும் குடிக்கவில்லை. அதற்குக் காலையில் கார் ஓட்டுகிற வேலையும் இல்லை.

இந்த வாதத்தை உடைக்க இத்தனை தூரம் போயிருக்கவே வேண்டாம். நம்மூர்ப் பனைமரம் போதும்.

ஒரே மரம். ஒரே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் காலையில் பதநீர் இறங்குகிறது. தடவாமல் கட்டினால் கள். ரெண்டுமே அடுப்பைப் பார்த்ததில்லை. ஒன்றைக் குழந்தைக்குக் கொடுப்போம், இன்னொன்றைக் கொடுக்கமாட்டோம். இங்கே கோடு போடுவது நெருப்பு இல்லை சார், சுண்ணாம்பு! புளிக்க விட்டோமா, இல்லையா என்பதுதான் கேள்வி. சமைத்தோமா என்பது கேள்வியே இல்லை. கள்ளைவிடப் பச்சையான மது உலகத்தில் இருக்குமா என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் 1987-லிருந்து அதற்குத் தடை. வேக வைத்ததையும் வடித்ததையும் 2003-லிருந்து அரசாங்கமே கடை போட்டு விற்கிறது. இது நியாயமா என்று கேட்டால், பனையேறியின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம், அதைத் தனியாகவே பேச வேண்டும். கள்ளுக்காகப் பேசுகிறவர்கள் பேசட்டும். 'பச்சை' என்பதற்காக மட்டும் பேச வேண்டாம்.

பழைய பச்சை உணவுக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 1904-ல் சூரிச்சில் சிகிச்சை இல்லம் ஆரம்பித்த டாக்டர் பிர்ஷர்-பென்னர் நோயாளிகளுக்குப் பழமும் பச்சைக் காய்கறியும் கொடுத்தார். மது, புகையிலை, காபி மூன்றையும் வாசலிலேயே நிறுத்தினார். காந்தி 1893-ல் பிரிட்டோரியாவில் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்தார். 1929-ல் மறுபடியும் முயன்று, வயிற்றுக்கடுப்பு வந்து விட்டார். முடியவில்லை என்பதைப் பகிரங்கமாக எழுதியும் விட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். 1942-ல் சிறையில் உட்கார்ந்து ஆரோக்கியம் பற்றி எழுதியபோது பதநீரைப் புகழ்ந்தார், கள்ளை ஒதுக்கினார். இவர்களுக்கெல்லாம் பச்சை உணவு என்பது ஒரு மொத்த வாழ்க்கை முறை. பின்னால் வந்தவர்கள் அதைத் தெர்மாமீட்டராகச் சுருக்கினார்கள். தெர்மாமீட்டருக்கு வைனும் ஒன்றுதான், வெந்நீர் ஆறினதும் ஒன்றுதான்.

அக்கவுன்ட்ஸ் படித்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கம். ஒரு செலவை மறைக்க அதை அழிக்க வேண்டியதில்லை. வேறு தலைப்பில் எழுதினால் போதும்!

இப்போது அந்த ராத்திரி.

நண்பன் ரெண்டாவது கிளாஸ் முடிக்கும்போது பேச்சு குழறியது. கை நடுங்கியது. "ரெண்டுக்கே மட்டையா?" என்று ஒருத்தன் செல்போனில் வீடியோ எடுத்தான். ஏசி ரூமில் அவன் சட்டை நனைந்திருந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. கவனித்தது ஒரு நண்பனின் மனைவி. நர்ஸாக இருந்தவர். "இது போதை இல்லைங்க, லோ சுகர். இவர் மாத்திரை சாப்பிடுறாரா?" என்றார். சாப்பிடுகிறான். சாப்பாட்டை மாற்றியபோது மாத்திரை அளவை மாற்றவில்லை. டாக்டரிடம் போகவே இல்லை, இயற்கை உணவுக்காரனுக்கு டாக்டர் எதற்கு? நினைவு இருந்ததால் நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். ஆலையில் கொதித்து, வெளுத்து, எட்டு மாசமாக அவன் விஷம் என்று திட்டிய அதே வெள்ளைச் சர்க்கரை. கால் மணியில் கண் தெளிந்தது. ஆனாலும் அந்த வகை மாத்திரை மணிக்கணக்காகச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்குமாம். விடியும்வரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

அங்கே இருந்த டாக்டர் விளக்கியதைச் சொல்கிறேன். எண்ணெயும் புரதமுமாகச் சாப்பிட்டிருந்தால் உணவு வயிற்றில் தங்கும், ஆல்கஹால் மெதுவாகக் குடலுக்கு இறங்கும். நாலு துண்டு வெள்ளரிக்கு அந்தச் சக்தி கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் புதிதாகத் தயாரித்து அனுப்புவது கல்லீரல். அது ஆல்கஹாலை அப்புறப்படுத்துவதில் மும்முரமாகிவிட்டால் இந்த வேலை படுத்துவிடும். கீழே மாத்திரை இழுக்கிறது, மேலே சப்ளை நின்றுவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், லோ சுகரும் போதையும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. கையில் கிளாஸ் இருப்பவனுக்கு யாரும் சர்க்கரை கொடுப்பதில்லை. வீடியோ எடுப்பார்கள்.

குடிப்பதற்கு 'இவ்வளவு வரை பத்திரம்' என்று ஓர் அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. அது எல்லோருக்கும் பொது. அதைச் சொல்லி உங்களைத் திருத்த நான் வரவில்லை. அன்றைக்கு என் கையிலும் கிளாஸ் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனைக் கேட்டேன். "உனக்கு வைன் அவ்வளவு பிடிக்குமா?"

"பிடிக்காதுடா. புளிப்பு."

"பின்ன ஏன்?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான். எட்டு மாசத்தில் நாலு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், மச்சினன் வீட்டு விருந்து. எல்லா இடத்திலும் டப்பாவோடு போயிருக்கிறான். "கை நனைக்காம போறீங்களே" என்று ஒவ்வொரு வீட்டிலும் முகம் சுருங்கியிருக்கிறது. மச்சினன் இப்போது கூப்பிடுவதே இல்லை. "எல்லாத்துக்கும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குதுடா. ஒண்ணுக்காவது சரின்னு சொல்லணும்னு தோணுச்சு. கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டா நானும் உங்க கூட்டத்துல ஒருத்தன்."

இதை எந்த ரா ஃபுட் புத்தகமும் எழுதுவதில்லை. பயறு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று எழுதுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து எப்படிச் சும்மா இருப்பது என்று எழுதுவதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 'வைன் பச்சை' என்கிற வாதம் வந்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

நாம் மட்டும் யோக்கியமா? பிரியாணியை மறுத்தவனை விட்டுவிடுகிறோம். கிளாஸை மறுப்பவனை விடுவதில்லை. "சும்மா ஒரு கம்பெனிக்கு!" நான் படித்த கம்பெனிச் சட்டத்தில் லிமிடெட் லயபிலிட்டி உண்டு. இந்தக் கம்பெனியில் அது கிடையாது. அன்றைக்கு அவன் முதல் கிளாஸை முடித்ததும் ரெண்டாவதை ஊற்றியது யார் என்கிறீர்கள்? நான்தான்.

இந்த வருஷமும் கூடினோம். அதே ரிசார்ட், அதே டப்பா. மாத்திரையை டாக்டர் பாதியாக்கியிருக்கிறார், ராத்திரிக்கு மட்டும் ரெண்டு இட்லி சாப்பிடுகிறானாம். இளநீரை கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு என்ன தோன்றியதோ, டப்பாவை இழுத்து ஒரு கை பயறு எடுத்து வாயில் போட்டேன். போன வருஷம் எங்களில் ஒருத்தன்கூட அதைச் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"உப்பே இல்லையேடா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். "போட்டுக்கோ. கல் உப்புதான், வெயில்ல காய்ஞ்சது."