தந்தைவழிப் பட்டியலும் தாய்வழிப் பேச்சும்

ஒல்லாந்தக் கும்பினியிற் பணிபுரிந்த ஐரோப்பியரின் ஆண்வழி வந்தோர்க்கென 1908 ஆம் ஆண்டு கொழும்பில் தோன்றியது ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம். அதன் சஞ்சிகை வெளியிட்ட குலமுறைப் பட்டியல்களின் உழைப்புப் போற்றற்குரியது, அளவுகோலோ குறையுடையது. மணந்த மகளிரின் முன்னோரை அப்பட்டியல்கள் தொடர்வதில்லை.

மட்டக்களப்பை நோக்குக. 1628 இல் எழுந்த போர்த்துக்கீசக் கோட்டை 1638 இலேயே ஒல்லாந்தர் கைப்பட்டது. ஆயினும் இங்குள்ள பறங்கியர் இல்லங்களில் இன்றும் எஞ்சியிருப்பது போர்த்துக்கீச வழிப் பேச்சே, ஒல்லாந்த மொழியன்று. ஒல்லாந்தர் மனைகளிலும் போர்த்துக்கீசப் பேச்சைப் புகுத்தியவர் அம்மனைகளின் தாய்மாரன்றோ? தச்சரும் கொல்லருமாய் வாழ்ந்த இம்மக்களின் வரலாற்றை ஆண்வழிப் பட்டியலில் எங்ஙனம் தேடுவது? தாயின் குடியே பிள்ளையின் குடியென வழங்கும் நம் வாவிக்கரையார்க்கு இவ்வினா புதிதன்று.