சுல்தானாவின் கனவு பொய்த்ததா?

வருங்காலம் உரைத்த கதைகள் பல பொய்த்துள்ளன. அவற்றுள் ஒன்று நம்மை நாணச் செய்கிறது. வங்கத்துப் பேகம் ரொக்கையா 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்னும் ஆங்கிலக் கதையே அது.

பெண்கள் ஆளும் நாட்டில் சூரிய வெப்பத்தால் சமைக்கின்றனர்; வான ஊர்தியில் செல்கின்றனர்; பெண்களுக்கெனப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. தெருவில் நடக்கக் கூசும் சுல்தானாவை, இங்கு அஞ்ச வேண்டுவதில்லை எனத் தோழி சாரா தேற்றுகிறாள். ஆடவரை வீட்டினுள் அடைத்தது எள்ளல். அதனை ஆரூடமெனக் கொள்வோர் கதையைத் தவறவிடுவர்.

சூரிய அடுப்பும் வானூர்தியும் கல்லூரியும் வந்துவிட்டன. அச்சமற்ற தெரு மட்டும் கனவாகவே நிற்கிறது. இருட்டியபின் தம்மம்பட்டிப் பேருந்து நிலையத்தில் மகளுக்காகக் காத்திருக்கும் தந்தையருள் நாமும் ஒருவர். அங்கு நிற்குந்தோறும், ரொக்கையாவுக்கு நாம் பட்ட கடன் நினைவுக்கு வருகிறது.