டீக்கடையில் விரியும் சாலை

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் பெண்கள், டீக்கடை ஓரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பேச உட்கார்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்பது தனி சுகம். எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் தொடங்குவதில்லை. முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டில் அடித்த காற்றிலிருந்துதான் கதை கிளம்பும். "ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீங்கக்கா, தோளைத் தளர விடுங்க" என்று இளையவள் சொல்ல, மூத்தவர் டம்ளரை வைத்துவிட்டு அந்தரத்திலேயே பிடித்துக் காட்டுவார். எதிர்காற்றில் மாறி மாறி முன்னால் போய் ஓட்டிப் பழகியவர்கள். பேச்சிலும் ஒருத்திக்கு மூச்சு வாங்கினால் இன்னொருத்தி முன்னே வந்துவிடுகிறாள்.

பஞ்சர் கதைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ட்யூபில் காற்றடித்து, கன்னத்தருகே கொண்டுபோய் மெல்லச் சுற்ற வேண்டுமாம். ஊசித்துளையிலிருந்து வரும் காற்று தோலில் குளிர்ச்சியாகப் படும். வாளித் தண்ணீர் கிடைக்காத சாலையில் அதுதான் வித்தை. சொல்பவளின் கன்னத்தில் வியர்வை உப்பாகப் பூத்திருக்கிறது, கெண்டைக்காலில் செயின் எண்ணெய்க் கறை. காட்டும் விரல்களில் அவசரமே இல்லை. வெயில் ஏறுகிறது, ஆனாலும் இன்னொரு டீ சொல்கிறார்கள். கோவளத்தில் நாய் துரத்திய கதை பாக்கி இருக்கிறது.