பணம் போட்ட கோடு

பணம் தாராளமாக இருந்தால்தான் நல்ல கட்டடம் எழும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்துக் கத்தோலிக்கத் தேவாலயம் இதை மறுக்கிறது. ஓரளவு ஆமோதிக்கவும் செய்கிறது.

அதற்கு முதலில் படம் போட்டவர் லட்யன்ஸ். டில்லியில் ராஷ்டிரபதி பவனைக் கட்டியவர். ரோமாபுரியின் செயின்ட் பீட்டர்ஸ் கும்மட்டத்தைவிட அகலமான கும்மட்டம் என்பது அவருடைய கனவு. 1933-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1941-ல், யுத்தத்தின் நடுவே, வேலை நின்றது. 30 லட்சம் பவுன் என்று போட்ட மதிப்பு பிறகு 2 கோடியே 70 லட்சமாக ஏறிவிட்டது. பூமிக்குக் கீழே நிலவறை மட்டும்தான் மிஞ்சிற்று. ஏழை ஜனங்கள் சேர்த்துக் கொடுத்த காசும் அங்கேதான் இருந்தது.

1959-ல் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். கட்டடத்தின் கூட்டுக்கு 10 லட்சம் பவுன். ஐந்து வருஷத்தில் முடிய வேண்டும். பழைய நிலவறையோடு பொருந்த வேண்டும். ஃபிரெடரிக் கிப்பர்ட் என்பவரின் படம் தேர்ந்தது. கும்மட்டத்தைச் சின்னதாக்க அவர் முயலவில்லை. பதினாறு கான்கிரீட் கால்களை வட்டமாக நிறுத்தி, நடுவில் பலிபீடத்தை வைத்து, சுற்றிலும் 2,000 பேரை உட்கார வைத்தார். உச்சியில் வண்ணக் கண்ணாடிக் கோபுரம். 1967-ல் கதவு திறந்தது. நீண்ட மண்டபத்தின் கடைசியில் நின்று எட்டிப் பார்க்கும் சிரமம் பக்தனுக்கு இல்லை. இந்த வடிவம் பிறந்ததில் பணக் குறைவுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஆனால் கூரை ஒழுகியது. ஒட்டிய சில்லுகள் உதிர்ந்தன. சிற்பியின்மேல் வழக்குக்கூடப் போட்டார்கள். அவசரமும், நாள்பட்டுப் பழகாத பொருள்களும் செய்த வினை அது.

ஆகவே சிக்கனத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கோடு போடுவதற்கு முன் யோசிக்கிற சிக்கனம். அது வடிவத்தைத் தரும். மற்றது, கோடு போட்டபின் சாமானில் பிடிக்கிற சிக்கனம். அது மழைக்காலத்தில் தெரிந்துவிடும். கதை எழுதுகிறவனுக்கும் இது தெரியும். ஆறு பக்கத்துக்கென்றே பிறந்த கதை வேறு. அறுபது பக்கத்தை ஆறாக வெட்டிய கதை வேறு.

லட்யன்ஸ் திட்டத்தின் மரமாதிரி இன்று லிவர்பூல் மியூஸியத்தில் இருக்கிறது. அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் காசு கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து பிரார்த்தனை செய்ய இடம் தந்தது மற்றக் கட்டடந்தான்.