போடி கரண்டுக்கு ஒரு கேமிங் பிசி

ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. பட்ஜெட் கேமிங் பிசி என்றால் இந்தப் பட்டியலை யாரும் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். எனக்கு ஐம்பத்தைந்தாயிரத்துக்குச் சற்றுக் கீழே முடிந்தது. ராம் விலை இப்போது ஏறிக் கிடப்பதால் உங்களுக்குக் கூடத்தான் ஆகும். 1080பி-யில் பெரும்பாலான கேம்கள் அறுபது ஃபிரேமில் ஓடுகின்றன. பழைய பிஎஸ்4-ஐ விட நன்றாக இருக்கிறதா? 2013-ல் வந்த பெட்டியோடு என்ன போட்டி! கிராபிக்ஸ் பேச்சு இத்தோடு போதும். போடிநாயக்கனூரில் ஒரு கேமிங் பிசியின் தலையெழுத்தை எழுதுவது, கேபினட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் எஸ்எம்பிஎஸ்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் குரங்கணிப் பக்கம் இடி இடித்தால் அடிவாரத்தில் விளக்கு கண் சிமிட்டும். ஒரேயடியாகப் போனாலாவது பரவாயில்லை. போகும், வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். கோடையில் சாயங்காலமானால் லோ வோல்டேஜ். சொல்லிவிட்டுப் போவது மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை ஒன்றுதான்.

பிஎஸ்4-உம் இதில் செத்துச் செத்துப் பிழைத்ததுதான். கரண்ட் திரும்பியதும், ஒழுங்காக ஆஃப் செய்யவில்லை என்று நம்மையே கண்டிக்கும். அதன் வயிற்றுக்குள் இருந்த பவர் சப்ளையை நான் தேர்ந்தெடுக்கவில்லை. எது வந்ததோ அதுதான். பிசியின் சௌகரியம் என்ன என்று கேட்டால், நாளைக்குப் பெரிய கார்டு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சௌகரியம், என் தெருக் கரண்டுக்குத் தோதான எஸ்எம்பிஎஸ்ஸை நானே பார்த்து வாங்க முடிந்ததே.

அதைக் கடைக்காரர்கள் வாங்க விட்டால்தானே! கேபினட்டோடு ‘450 வாட்ஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்றை இலவசமாகத் தள்ளிவிடுவார்கள். “எல்லாம் ஒரே சாமான்தான் தம்பி, உள்ளதானே இருக்கப்போகுது?” கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கும். இன்னொரு மூடநம்பிக்கை, 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை இருந்தால் போதும் என்பது. மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்குத்தான் அந்த முத்திரை. கரண்ட் அறுந்த பிறகு எத்தனை நேரம் தாக்குப்பிடிக்கும் என்று அது சொல்லாது. நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில் 16 மில்லி விநாடி அளவுக்குத் தம் பிடிக்கும். மட்டமானது அதற்குள் கைவிட்டுவிடும்.

அந்த மில்லி விநாடிகளில்தான் வீட்டு இன்வெர்ட்டர் வந்து நுழைகிறது. அதன் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும்: ‘யூபிஎஸ்’, ‘நார்மல்’. யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பேட்டரிக்குச் சட்டென்று மாறும், பிசி அணையாது. ஆனால் வோல்டேஜ் 180-க்குக் கீழே இறங்கினாலே, கரண்ட் இருக்கும்போதே பேட்டரியைத் தின்ன ஆரம்பித்துவிடும். நார்மலில் லோ வோல்டேஜைப் பொறுத்துக்கொள்ளும்; மாறும்போது நிதானமாக மாறும், அந்த நிதானத்தில் பிசி ரீஸ்டார்ட் ஆகும். வேடிக்கை என்னவென்றால், நல்ல எஸ்எம்பிஎஸ் 100 வோல்ட் வரை சமாளிக்கக்கூடியது. லோ வோல்டேஜ் அதற்குப் பொருட்டே இல்லை. நடுவில் இருக்கும் இன்வெர்ட்டருக்குத்தான் பதற்றம்.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு இது: இன்வெர்ட்டர் நார்மலில், பிசிக்கு மட்டும் தனியாக ஒரு சைன் வேவ் யூபிஎஸ். இன்வெர்ட்டர் விழித்துக்கொள்ளும் வரைதான் அதற்கு வேலை. இங்கேதான் ஆர்எக்ஸ் 6600-ஐக் கொண்டாட வேண்டியிருக்கிறது. 132 வாட்ஸ் கார்டு அது. மானிட்டரோடு சேர்த்தாலும் மொத்தம் 300 வாட்ஸுக்குள் அடங்குகிறது. ஃபிரேமை அறுபதில் கட்டிப்போட்டால் இன்னும் இறங்கும்; வீட்டில் ஃபேனும் ஓடும், சண்டையும் வராது. ஏஎம்டி ஆள் என்று என்னைக் கேலி செய்பவர்கள் ஒரு மழை நாளில் வந்து பார்க்கட்டும்.

போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துச் சித்தப்பா வீட்டுக்கும் பெட்டி ஜீப்பில் போய் வந்தது. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் கார்டு ஸ்லாட்டிலேயே தொங்கிக்கொண்டு போனால் போர்டு தாங்காது. கழற்றித் தனியாக மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் இறக்கியதும் ஆன் செய்யாதீர்கள், ஈரம் காயட்டும். மேலே டவர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்பதால் நூறு ஜிபி கேமைக் கீழேயே இறக்கிக்கொண்டு ஸ்டீமை ஆஃப்லைனில் போட்டுவிட வேண்டும்.

ஒரு வருத்தம் உண்டு. ஆடி முடித்த டிஸ்க்கை நண்பனிடம் கொடுத்து வேறு வாங்குவது இதில் கிடையாது. ஸ்டீமில் வாங்கியது நம் அக்கவுண்ட்டோடு கட்டிப்போட்டது. தள்ளுபடி விலை அந்த வருத்தத்தைப் பாதிதான் தீர்க்கிறது.

2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு இங்கே வந்த பிஎஸ்5 மறுவருடமே 54,990 ஆனது. அந்தப் பணத்துக்கு இந்த பிசி ஈடு கொடுக்கும், யூபிஎஸ் செலவைத் தனியாக எடுத்து வைத்தால். பட்ஜெட் இடித்தால் கார்டில் ஒரு படி இறங்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் இறங்காதீர்கள்.