பறையும் மின்கிதாரும்: கிறிஸ்தவ இசை நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் பேசும் மொழி

கிறிஸ்தவ இசை நிகழ்ச்சி ஒன்று முடிந்து வெளியே வருகிறவர்கள் அதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது திறனாய்வில் அதிகம் கவனிக்கப்படாத பகுதி. பாடலாசிரியரைப் பற்றி எழுதுகிறோம். பாடலின் இறையியலைப் பற்றி எழுதுகிறோம். கேட்டவரின் அனுபவத்தை எழுதுவதில்லை. ஆனால் மேடையில் நிகழும் இசைக்குப் பாதி உயிர் கேட்பவரிடம்தான் இருக்கிறது.

இக்கட்டுரை இரண்டு இசைகளை எடுத்துக்கொள்கிறது. ஒன்று, அமெரிக்காவில் வேரூன்றிய கிறிஸ்தவ மெட்டல் இசை. மற்றொன்று, மதுரை அரசரடியில் தியோபிலஸ் அப்பாவு உருவாக்கிய கிராமியக் கிறிஸ்தவ இசை. ஒலியளவில் இவை இரண்டுக்கும் உறவு இல்லை. ஆனால் இரண்டும் தத்தம் திருச்சபைகளில் ஒரே குற்றச்சாட்டைச் சந்தித்தன: 'இது கோயிலுக்குள் வரக்கூடிய ஓசை இல்லை.' அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை வைத்தே இந்த இசைகளை மதிப்பிட முடியும் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

மெட்டல் மேடையும் வேதாகமமும்

ஹெவி மெட்டல் என்னும் இசைவகை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டோடு, 1970இல், தெளிவான வடிவம் பெற்றது. மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது, காதடைக்கும் ஒலி அளவு, மார்பில் வந்து அறையும் டிரம்ஸ், உச்சக்குரல் அல்லது உறுமல் ஆகியவை இதன் அடையாளங்கள். மரணம், போர், சாத்தான் ஆகியவற்றைப் பாடுபொருளாக்கியதால் அமெரிக்கப் பிரசங்கிகள் பலர் இதைப் பிசாசின் இசை என்றே அறிவித்தனர்.

அந்தச் சூழலில்தான் 1983இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் ஸ்டிரைப்பர் என்ற குழு உருவானது. மைக்கேல் ஸ்வீட், ராபர்ட் ஸ்வீட் என்ற சகோதரர்கள் அதன் மையம். ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் வரும் 'தழும்புகள்' என்ற சொல்லோடு தொடர்புடைய பெயர் அது. மஞ்சளும் கறுப்பும் கலந்த வரிக்கோட்டு உடையில் மேடையேறிய இவர்கள், நிகழ்ச்சியின் நடுவே புதிய ஏற்பாட்டுப் பிரதிகளைக் கூட்டத்துக்குள் வீசினார்கள். 1986இல் வெளியான 'டு ஹெல் வித் த டெவில்' இசைத்தட்டு அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

இவர்களுக்கு இரு பக்கமும் எதிர்ப்பு இருந்தது. ஜிம்மி ஸ்வாகர்ட் போன்ற தொலைக்காட்சிப் பிரசங்கிகள் கிறிஸ்தவ ராக் இசையையே கண்டித்தார்கள். மெட்டல் ரசிகர்களில் பலரோ வேதாகமம் வீசும் குழுவைக் கேலி செய்தார்கள். ஆகவே இந்த நிகழ்ச்சிக்குப் போன ஓர் இளைஞர் வீட்டிலும் சபையிலும் நண்பர்களிடமும் தன் ரசனைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய பேச்சில் ஒரு வாதாடும் தொனி இருந்ததற்கு இதுவே காரணம்.

ரசிகர் பேச்சின் மூன்று வகை

கிறிஸ்தவ இசை நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களின் பேச்சை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சாட்சிப் பேச்சு. 'அபிஷேகம் இருந்தது', 'தேவ பிரசன்னத்தை உணர்ந்தேன்', 'அன்றுதான் என் வாழ்க்கை மாறியது' என்பது போன்ற பேச்சு. தமிழ்ச் சபைகளுக்கு நன்கு பழகிய மொழி இது. இதில் பேசுகிறவரின் உண்மையை நாம் ஐயப்பட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சொற்களைக் கொண்டு எந்த இசை ஒலித்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆர்கன் இசைக்கும் மின்கிதாருக்கும் ஒரே வாக்கியம் பொருந்திவிடுகிறது.

இரண்டாவது, தேர்ச்சிப் பேச்சு. கிதார் வாசிப்பின் வேகம், பாடல் வரிசை, ஒலியமைப்பின் தரம், பதிவில் கேட்டதற்கும் நேரில் கேட்டதற்கும் உள்ள வேறுபாடு ஆகியவற்றைப் பேசுவது. இது இசைக்கு நெருக்கமான பேச்சு. ஆயினும் அந்த இசை எதற்காக அங்கே ஒலித்தது என்ற கேள்வியை இது தொடுவதில்லை.

மூன்றாவது, கூட்டத்தைப் பற்றிய பேச்சு. யார் யாரோடு நின்றோம், யார் பாடினார்கள், யார் தயங்கி ஒதுங்கினார்கள், முடிந்தபின் யாரோடு நடந்து போனோம் என்று பேசுவது. மூன்றில் இதுவே மிகக் குறைவாகப் பதிவாகிறது. ஆனால் ஓர் இசை சமூகத்தில் என்ன செய்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இதைப் புரிந்துகொள்ள மதுரைக்கு வர வேண்டும்.

அரசரடியில் ஒலித்த பறை

வைகையின் வடகரையில் தறி ஓசைக்குப் பழகிய செல்லூர்; ஆற்றைக் கடந்து, ரயில் நிலையத்துக்கு மேற்கே போனால் அரசரடி. இடையில் உள்ள தூரம் சில கிலோமீட்டர்தான். அரசரடியில் 1969 முதல் இயங்கிவருகிறது தமிழ்நாடு இறையியல் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்தவர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005). 'பரட்டை' என்ற பெயரில் எழுதியவர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன்.

அப்பாவு பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். 'பிதாவே' என்று விளித்துப் பழகிய சபையில் கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். ஆணென்றோ பெண்ணென்றோ பிரிக்காத, வீட்டுக்குள் புழங்கும் சொல் அது. பறையையும் மற்ற கிராமியக் கருவிகளையும் வழிபாட்டு இசைக்குள் கொண்டுவந்தார்.

பறை வந்ததுதான் பெரிய செய்தி. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களில் தலித் மக்கள் மிகப் பெரும் பகுதியினர். சாவு வீட்டில் பறையடிப்பது அவர்கள்மேல் சாதி சுமத்திய கட்டாய வேலையாக இருந்தது. மதம் மாறியபோது பலர் அந்த வேலையோடு பறையையும் கைவிட்டார்கள். சபைகளும் அதைப் புறமதச் சடங்கின் கருவி என்று விலக்கின. எனவே வழிபாட்டில் பறை ஒலித்தபோது கேட்டவர்கள் ஒரே மாதிரி உணர்ந்திருக்க முடியாது. ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர் சிலருக்கு அது தீட்டின் ஓசை. தலித் கிறிஸ்தவர் சிலருக்கு, தாத்தா காலத்தில் விட்டொழித்த அவமானம் திரும்பி வருவது போன்ற கூச்சம். வேறு சிலருக்கு, தம் கருவி முதன்முறையாகக் கடவுள் முன் வைக்கப்பட்ட பெருமிதம். ஒரே தாளத்தைக் கேட்டு ஒரே வரிசையில் அமர்ந்திருப்பவர்களுக்குள் இத்தனை வேறுபாடு எழுவதைச் சாட்சிப் பேச்சும் தேர்ச்சிப் பேச்சும் நமக்குச் சொல்லாது. கூட்டத்தைப் பற்றிய பேச்சுதான் சொல்லும்.

அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட, அப்பாவுவின் இசையைத் தலித் விடுதலை இறையியலாகக் காணும் நூல் இந்த வகையில் முக்கியமானது. பாடலைத் தாளில் வைத்து ஆராய்வதோடு அவர் நிற்கவில்லை. பாடியவர்களிடமும் கேட்டவர்களிடமும் போனார். அப்பாவுவின் இசைக்கொள்கையே அதைக் கோரியது. நாட்டுப்புறப் பாடலைப் பாடுகிறவர் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. அப்படியானால் ஊரில் ஒரு பெண் பாடலின் சொல்லை மாற்றிப் பாடுவதும் ஒரு விமர்சனம்தான். ரசிகர் தன் கருத்தைப் பாடலுக்கு வெளியே நின்று சொல்லாமல் பாடலுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்.

'ஒரே உலை' என்பது அப்பாவு அழுத்திச் சொன்ன கருத்து. எல்லோரும் அரிசி கொண்டுவந்து ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பது. திருவிருந்தை அவர் அப்படித்தான் விளக்கினார். பாட்டு சேர்ந்து பாடினால் போதாது. பாடியவர்கள் சேர்ந்து சாப்பிட வேண்டும். இசை நிகழ்ச்சிக்கு இதைவிடக் கடுமையான அளவுகோல் இருக்க முடியாது.

கீர்த்தனை தரும் பாடம்

இந்த அளவுகோல் ஏன் தேவை என்பதைத் தமிழ்க் கிறிஸ்தவ இசையின் பழைய வரலாறே காட்டுகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழ் மரபிசையில் கிறிஸ்தவப் பாடல்களைப் பாடிக் கேட்போரைக் கட்டிப்போட்டவர். 1820களில் வந்த புதிய மிஷனெரிகள் தமிழ்ப் பாடலுக்கு இடம் மறுத்தபோது அவர் எதிர்த்து நின்றார். பிறகு அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவருடைய பாடல்களையும் சேர்த்து 1853இல் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். ஒரு காலத்தில் ஐயத்துக்கு உரியதாக இருந்த இசை இன்று 'நம் பாரம்பரியம்' ஆகிவிட்டது.

ஆனால் தமிழிசைக்காகப் போராடிய அதே சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாடு தொடர்வதையும் ஆதரித்து வாதாடினார். இசையை மண்ணுக்கு உரியதாக ஆக்குவது வேறு. மண்ணில் வாழ்கிற எல்லோருக்கும் உரியதாக ஆக்குவது வேறு. கீர்த்தனையைக் கேட்டு உருகியவர்கள் உருக்கம் தீர்ந்ததும் தனித்தனி வரிசைகளுக்கே திரும்பினார்கள் என்றால், அந்த உருக்கத்தை மட்டும் வைத்து இசையைப் போற்றுவது போதுமான திறனாய்வு ஆகாது.

இதே கேள்வி இன்று பறைக்கும் உண்டு. பறை இப்போது பண்பாட்டு மேடைகளில் கைதட்டல் பெறுகிறது. அழகுக்காக ஐந்து நிமிடம் அடிக்கவைத்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தைச் சாதிவாரியாகப் பிரித்தே வைத்திருக்கும் சபை அப்பாவுவின் ஒலியை எடுத்துக்கொண்டு உலையை விட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மெட்டலை மறுபடி கேட்டால்

இந்த அளவுகோலோடு மெட்டல் மேடைக்குத் திரும்புவோம். ஸ்டிரைப்பர் வேதாகமத்தை வீசியது மேடையிலிருந்து கூட்டத்துக்கு மட்டுமே போகும் ஒருவழிச் செயல். பெற்றவர் பெறுகிறவராகவே நின்றார். அதைப் பற்றிய நினைவும் பெரும்பாலும் 'எனக்குக் கிடைத்ததா, கிடைக்கவில்லையா' என்ற அளவில் சுருங்கிவிடக் கூடியது.

ஆனால் மெட்டல் கூட்டத்துக்குள்ளேயே வேறொரு பழக்கம் உண்டு. மேடைக்கு முன் ஒருவரையொருவர் மோதி ஆடும் வட்டத்தில் யாராவது விழுந்தால், அருகில் இருப்பவர்கள் உடனே தூக்கி நிறுத்த வேண்டும் என்பது எழுதப்படாத விதி. பெயர் தெரியாதவரின் கை அங்கே நீள்கிறது. உறுமும் குரலில் சொற்கள் புரியாது என்பது கிறிஸ்தவ மெட்டல் மீது வைக்கப்படும் நியாயமான குறை. ஆஸ்திரேலியாவின் மார்டிஃபிகேஷன் போன்ற குழுக்களின் பாடலை வரித்தாள் இல்லாமல் பின்தொடர்வது கடினம். சொல் புரியாத இடத்தில் அந்தக் கை புரிகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃபின்லாந்தில் 2006இல் தொடங்கிய மெட்டல் வழிபாடு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே லுத்தரன் சபையின் பழைய ஞானப்பாட்டுகளை மெட்டல் இசையில் வாசிக்க, வந்திருப்பவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். மேடையைப் பார்க்கும் கூட்டம் பாடும் சபையாக மாறுகிறது. கருவி புதியது; பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. அப்பாவுவின் வழிபாட்டு இசைக்கு இது ஒருவகையில் உறவு. ஆனால் ஃபின்லாந்தில் மின்கிதார் யாருடைய பிறப்பையும் இழிவாகச் சுட்டுவதில்லை. பறை சுட்டியது. ஆகவே அரசரடியில் நிகழ்ந்த முயற்சிக்குக் கூடுதல் துணிவு தேவைப்பட்டது.

முடிவுரை

ஒலியின் அளவு, கருவியின் பிறப்பிடம், ஆடையின் நிறம் ஆகியவற்றை வைத்து ஓர் இசையைப் புனிதம் என்றோ பிசாசினது என்றோ தீர்ப்பது எளிது. 1820களிலும் 1980களிலும் அப்படித்தான் தீர்த்தார்கள். அந்தத் தீர்ப்புகள் நிலைக்கவில்லை. நிலைக்கும் சான்று கேட்டவர்களிடமே இருக்கிறது.

எனவே இத்துறையில் களஆய்வு செய்யும் மாணவர்கள், 'நிகழ்ச்சி எப்படி இருந்தது?' என்ற ஒற்றைக் கேள்வியோடு நிற்காமல் இருப்பது நல்லது. அந்தக் கேள்விக்குச் சாட்சிதான் பதிலாக வரும். பாடலில் உங்கள் உடல் எந்த இடத்தில் அசைந்தது, உங்கள் அருகில் இருந்தவர் யார், யார் பாடாமல் இருந்தார்கள், பாடலில் எந்தச் சொல்லை உங்கள் ஊரில் மாற்றிப் பாடுகிறீர்கள், முடிந்தபின் எங்கே, யாரோடு சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குச் சிலர் பதில் சொல்லத் தயங்குவார்கள். ஆய்வாளர் அந்தத் தயக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சபையின் இசை எந்த வாசலோடு நின்றுவிட்டது என்பது அதில் தெரியும்.